விக்டோரியாவின் நீளத்துக்கு ஒரு வட்டு

(கொல்கத்தா வாழ் தமிழர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை சற்றே திருத்தப்பட்டு அச்சாகிறது.)



ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் காளிகாட்டைக் காட்டிவிட்டு அடுத்து நாம் அழைத்துப் போகும் இடம் விக்டோரியா நினைவு மண்டபம். அந்தக் கட்டடத்தின் நீளம் 338 அடி. மீட்டரில் சொன்னால் 103. இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் மனத்தில் வைத்திருங்கள். 2016-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விகின்ஸ் ஜூனியர் என்ற இளைஞர் ஒரு பிளாஸ்டிக் வட்டை எறிந்தார். அது போய் விழுந்த தூரம் உலக சாதனையாகப் பதிவானது: 338 மீட்டர். அடி இல்லை, மீட்டர். மூன்று விக்டோரியாக்களை வரிசையாக நிறுத்தி வைத்தாலும் அவற்றைக் கடந்து போயிருக்கும். பாலைவனத்துப் பின்காற்று அவருக்குக் கைகொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு அவ்வளவு ஆசை வேண்டாம். ஒரே ஒரு விக்டோரியா போதும். புதிதாக டிஸ்க் கோல்ஃப் ஆட வருகிற ஒருவர் அந்த 103 மீட்டரை எப்படி எட்டுவது, அதற்கு எந்த டிஸ்க்கைக் கையில் எடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப் விதிகளேதான். பந்துக்கும் மட்டைக்கும் பதில் வட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடை. டிஸ்க் விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. குறைந்த எறிகளில் கூடைக்குள் போட்டு முடிப்பவர் வென்றவர். வால்டர் ஃபிரெடரிக் மாரிசன் வடிவமைத்த பறக்கும் தட்டை வாம்-ஓ நிறுவனம் 1957-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு அதே நிறுவனத்தில் சேர்ந்த எட் ஹெட்ரிக் என்பவர்தான் அந்த விளையாட்டுப் பொருளை ஒழுங்கான ஆட்டமாக்கினார். 1975-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம், 1976-ல் தொழில்முறைச் சங்கம், அதில் அவருக்கு முதலாம் உறுப்பினர் எண். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விரும்பியபடியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். நாம் கங்கையில் கரைப்போம். அவரவர் வழக்கம்.

கேள்வி நேரத்தில் யாரும் சுதர்சன சக்கரத்தை இழுத்து வர வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். அது எறிந்தவர் கைக்குத் திரும்பி வரும். நம்முடையது வராது, நாம்தான் நடந்து போய் எடுத்துவர வேண்டும்.

கூடை வாங்க எங்கே போவது என்ற கவலையும் வேண்டாம். சங்கிலிக் கூடை வருவதற்கு முன்பு மரங்களையும் விளக்குக் கம்பங்களையும் குறிவைத்துத்தான் ஆடினார்கள். நம் கொல்கத்தா மைதானத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1983 வரை ஆடியவர்கள் எறிந்ததெல்லாம் விளிம்பு தடித்து உருண்ட வட்டுகள். அந்த ஆண்டு இன்னோவா நிறுவனத்தின் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் செதுக்கிய ஒரு டிஸ்க்கை உருவாக்கினார். பெயர் ஈகிள். கூரிய விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், எதிர்ப்பு குறையும், தூரம் கூடும். ஆனால் அந்த விளிம்பு ஒன்றைக் கேட்கிறது: வேகம். வேகம் கொடுக்க முடியாதவர் கையில் அது பழைய தடித்த வட்டைவிட மோசமாகப் பறக்கும். புதிதாக ஆட வருபவர்களின் சங்கடம் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கடைக்குப் போகும் பையன் என்ன செய்கிறான்? ‘டிஸ்டன்ஸ் டிரைவர்’ என்று எழுதியிருக்கிறது. தூரம் வேண்டும், பெயரிலேயே தூரம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறான். உதாரணத்துக்கு இன்னோவாவின் டெஸ்ட்ராயர். அதன் மேல் நான்கு எண்கள் இருக்கும்: 12, 5, -1, 3. முதல் எண் ஸ்பீடு. பலர் இதை ‘இந்த டிஸ்க் இவ்வளவு வேகமாகப் போகும்’ என்று படிக்கிறார்கள். அப்படியல்ல. ‘நான் ஒழுங்காகப் பறக்க வேண்டுமானால் நீ எனக்கு இவ்வளவு வேகம் தர வேண்டும்’ என்று டிஸ்க் போடும் நிபந்தனை அது. இரண்டாவது கிளைடு, காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது டர்ன், வேகமாகப் போகும்போது வலப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது. கழித்தல் எண் பெரிதாக ஆக சாய்வு கூடும். நான்காவது ஃபேடு, வேகம் குறைந்து இறங்கும்போது இடப்பக்கம் எவ்வளவு வளையும் என்பது. வலம் இடம் எல்லாம் வலக்கையால் பேக்ஹேண்ட், அதாவது புறங்கை முன்னே செல்ல, எறிபவருக்கு. இடக்கைக்காரர்கள் அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும்.

தொழில்முறை வீரர்களின் கையிலிருந்து டிஸ்க் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பும். புதியவர் தருவது அதில் பாதிக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் டெஸ்ட்ராயரின் டர்ன் விழிப்பதே இல்லை. கையை விட்ட கணத்திலேயே அது ஃபேடு நிலையில் இருக்கிறது. கிளம்பியதும் மூக்கைத் தூக்கும், இடப்பக்கம் சாயும், முப்பது நாற்பது மீட்டரில் பக்கவாட்டாகத் தரையில் குத்தும். பையன் தன் புஜத்தைப் பார்த்துக்கொள்கிறான், இன்னும் பலமாக வீசுகிறான், அது இன்னும் கோணலாகப் போகிறது.

ஏன் இடப்பக்கம்? மேலிருந்து பார்த்தால் வலக்கை பேக்ஹேண்ட் வட்டு கடிகார முள் திசையில் சுழல்கிறது. சுழலும் பொருளை ஒரு திசையில் சாய்க்கப் பார்த்தால் அது அந்தத் திசையில் சாயாமல் தொண்ணூறு பாகை தள்ளிச் சாயும். வேகம் குறையும்போது காற்றின் தூக்குவிசை வட்டின் மையத்துக்கு முன்னால் செயல்பட்டு மூக்கை மேலே தள்ளப் பார்க்கிறது. சுழற்சி அதை இடச் சாய்வாக மாற்றிவிடுகிறது. வேகம் மிகும்போது அதே விசை மையத்துக்குப் பின்னால் நகர்கிறது, அப்போது வலச் சாய்வு. ஆக ஒரு டிஸ்க் ‘எஸ்’ வடிவில் வளைந்து நெடுந்தூரம் போக வேண்டுமானால் முதல் பாதியில் அதற்கு வலச் சாய்வு கிடைத்தாக வேண்டும். நாம் தரும் வேகத்திலேயே வலப்பக்கம் திரும்பக்கூடிய டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதுதான் புதியவரின் முதல் வேலை. இது விளங்கிவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

என்ன வாங்கலாம்? என் யோசனை மூன்றே டிஸ்க். கூடைக்குப் பக்கத்தில் எறிய இன்னோவா ஏவியார் போன்ற ஒரு பட்டிங் டிஸ்க், அதன் எண்கள் 2, 3, 0, 1. நடுத்தூரத்துக்கு டிஸ்கிராஃப்டின் பஸ் போன்ற ஒரு மிட்ரேஞ்ச், 5, 4, -1, 1. அதைவிடத் தூரத்துக்கு இன்னோவா லெப்பர்ட் போன்ற ஒரு ஃபேர்வே டிரைவர், 6, 5, -2, 1. லெப்பர்டின் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். உங்கள் குறைந்த வேகத்துக்கும் அது வலப்பக்கம் இசைந்து கொடுக்கும், கடைசியில் லேசாகத்தான் இடப்பக்கம் வரும். ஒரு சோதனையும் உண்டு. உங்கள் மிட்ரேஞ்சும் ஃபேர்வே டிரைவரும் ஏறக்குறைய ஒரே தூரம் போகின்றன என்றால், அதைவிட வேகமான டிஸ்க்கை வாங்க இன்னும் நேரம் வரவில்லை. லெப்பர்டை வைத்து விக்டோரியாவின் நீளத்தை நெருங்கிவிட்டீர்களா, அப்புறம் ஸ்பீடு 9, அதன் பிறகு 12. அவசரக்காரர்கள் வரிசையைத் தாண்டிப் போகிறார்கள், வாங்கிய டிஸ்க் அலமாரியில் தூங்குகிறது.

எடை பற்றி ஒரு சொல். விட்டத்தின் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. டிரைவர்களின் விட்டம் 21 சென்டிமீட்டர் அளவு. பெருக்கிப் பார்த்தால் உச்ச எடை 175 கிராம் பக்கம் வந்து நிற்கும். சென்னைக் கடற்கரையில் அல்டிமேட் ஃபிரிஸ்பி ஆடியவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. அங்கே ஆடும் வட்டின் எடை அதுதான். சென்னை அணி ஒன்றைப் பற்றிய குறும்படத்துக்கே ‘175 கிராம்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அல்டிமேட் வட்டின் விட்டம் 27 சென்டிமீட்டர். அதே எடை சிறிய வட்டத்துக்குள் இறுகினால் கைக்கு வேறு பொருளாகத் தெரியும். புதியவர்கள் டிரைவரை 150 முதல் 165 கிராமுக்குள் வாங்குவது நல்லது. லேசான வட்டுக்கு அதிக வேகம் தர முடியும், வலப்பக்கம் திரும்புவதும் சுலபம். காற்றடிக்கும் நாளில் தடுமாறும், அது அதற்கான விலை.

பிளாஸ்டிக்கில் மலிவான ரகமே போதும். கைப்பிடி நன்றாக இருக்கும். மரத்தில் மோதி மோதி விளிம்பு தேயத் தேய அது இன்னும் சாதுவாகப் பறக்கும். புதியவருக்கு அதுவும் ஒரு லாபம்.

இப்போது எறிதல். இங்கே சற்று நிதானிக்கிறேன்.

தூரத்தைத் திருடும் முதல் கள்வன் மூக்கு. டிஸ்க்கின் முன்விளிம்பு அண்ணாந்து பார்த்தபடி கிளம்பினால் எவ்வளவு வேகம் கொடுத்தாலும் அது மேலேறி நின்று பின் விழும். எறிந்தவர் கண்ணுக்கு அது அழகாக உயரப் பறந்ததாகத்தான் தெரியும். அல்டிமேட்டிலிருந்து வருபவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம், அந்தத் தடித்த வட்டு இந்தப் பிழையை மன்னித்துவிடும். திருத்துவது மணிக்கட்டில் இருக்கிறது. டம்ளரிலிருந்து டபராவுக்குக் காப்பியைச் சாய்க்கும்போது மணிக்கட்டு கட்டைவிரல் பக்கம் நிமிர்ந்து நிற்காமல் சுண்டுவிரல் பக்கமாகக் கீழே இறங்குகிறது அல்லவா? அந்த இறக்கத்தைப் பிடியிலேயே வைத்துக்கொண்டு இழுங்கள். உள்ளங்கையின் கோடும் டிஸ்க்கின் தளமும் ஒன்றாகட்டும். லேக் மார்க்கெட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, இழுக்கும் பாதை. பெரும்பாலோர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் உடம்பைச் சுற்றி அரைவட்டமாக வீசுகிறார்கள். வட்டமாக வந்த கையிலிருந்து டிஸ்க் எப்போது கழன்றாலும் திசை மாறும். வேகமும் வழியிலேயே செலவாகிவிடும். இலக்குக்கு வலத்தோளைக் காட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். டிஸ்க்கைப் பின்னால் நேராக நீட்டி, மார்பை ஒட்டினாற்போல் நேர்கோட்டில் இழுங்கள். முழங்கை முன்னே போகட்டும், முன்னங்கை அதைத் தொடரட்டும், மணிக்கட்டு கடைசியில் திறக்கட்டும். டிஸ்க் வலமார்பைத் தாண்டும் வரைக்கும் அவசரமே வேண்டாம். அங்கிருந்து கையை விடும் வரையுள்ள ஒரு முழத் தூரத்தில்தான் வேகம் பிறக்கிறது. பிடியும் அப்படித்தான். தொடக்கத்திலிருந்தே இறுக்கிப் பிடித்தால் முன்னங்கைத் தசை விறைத்துவிடும். கடைசி நொடியில் இறுகினால் போதும், டிஸ்க் தானே விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போகும்போதுதான் சுழற்சியும் கிடைக்கும். சுழற்சி குறைந்த டிஸ்க் தள்ளாடும், சீக்கிரமே இடப்பக்கம் விழும்.

மூன்றாவது, கால். எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறி, முன்கால் ஊன்றி நின்ற பிறகே இடுப்பு திறக்க வேண்டும், தோள் அதன் பின்னே. கை கடைசி. கையை முதலில் வீசிவிட்டுக் காலைப் பிறகு இழுத்துக்கொள்பவரே அதிகம். தொலைக்காட்சியில் வீரர்கள் ஓடிவந்து கால்மாற்றி எறிவதைப் பார்த்துவிட்டு முதல் நாளே ஓடத் தொடங்காதீர்கள். ஓட்டம் தருவது கொஞ்சம் தூரம்தான், குலைப்பது எல்லாவற்றையும். நின்ற இடத்திலிருந்து, அதுவும் பட்டிங் டிஸ்க்கை வைத்து, நேராக 50 மீட்டர் போகும்வரை பழகுங்கள். ஸ்பீடு 2 உள்ள வட்டு பொய் சொல்லாது. கை கோணினால் உடனே தள்ளாடிக் காட்டிக்கொடுக்கும். டிரைவர் தன் ஃபேடுக்குள் உங்கள் தவறை மறைத்துவிடும். தம்பி ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்தி செல்பேசியில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லுங்கள், மூக்கு எங்கே பார்க்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

தூரம் தூரம் என்று பேசிக்கொண்டே இருக்கிறேன். இந்த ஊரில் நின்றுகொண்டு இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழமையான கோல்ஃப் கிளப் நம் கொல்கத்தாவில்தான் இருக்கிறது. 1829-ல் டம்டம் பக்கம் தொடங்கி இன்று டாலிகஞ்சில் இருக்கும் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப். அங்கே புல்தரையைப் பராமரித்த ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. 1978-ல் பிறந்தவர், பயிற்சியாளர் இல்லாமல், மற்றவர்களின் பையைச் சுமந்துகொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றவர். நெடுந்தூரம் அடிப்பவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. கூட ஆடியவர்கள் பந்தை அவரைத் தாண்டி அடிப்பார்கள். அவருடைய பலம் குழிக்குப் பக்கத்தில். 2008-ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் உலகப் பெயர்களோடு மோதி வென்றார். 2011-ல் அவந்தா மாஸ்டர்ஸ். பிறகு 2016, 2017 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டும் இந்திய ஓப்பன். அவர் வென்ற டெல்லி கோல்ஃப் கிளப்பின் பாதைகள் இருபுறமும் புதர் மண்டிய ஒடுங்கிய பாதைகள். அங்கே தூரத்தைவிட நேர் முக்கியம். டிஸ்க் கோல்ஃபில் மரங்களுக்கு நடுவே எறியும்போதும் கதை இதேதான். தூரம் கூட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழகும் நேரத்தில் பாதியைக் கூடைக்கு 10 மீட்டருக்குள் செலவழியுங்கள். அங்கே ஒரு எறியை மிச்சமாக்குவதும், தொலைவில் 40 மீட்டர் கூடுதலாக எறிந்து ஒன்றை மிச்சமாக்குவதும், கணக்கில் ஒன்றுதான்.

எங்கே பழகுவது? மைதானத்தைவிட்டால் இந்த ஊரில் வேறு இடம் ஏது. அந்த வெட்டவெளி எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? புதிய வில்லியம் கோட்டையைக் கட்டியபோது, கோட்டைப் பீரங்கிகளுக்குக் குறுக்கே எதுவும் நிற்கக்கூடாது என்பதற்காகக் காட்டை வெட்டித் திறந்துவிட்ட இடம் அது. எறிதூரத்துக்காகவே பிறந்த புல்வெளி. இன்றும் ராணுவத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. காவலர் போகச் சொன்னால் வாதாடாமல் போய்விடுங்கள்.

காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் மாலையானால் தெற்கிலிருந்து கடல்காற்று வரும், வங்காளிகள் கொண்டாடும் தொக்கினா ஹாவா. வடக்குப் பார்த்து எறிந்தால் பின்காற்று, தெற்குப் பார்த்து எறிந்தால் எதிர்காற்று. எதிர்காற்றில் டிஸ்க் உணரும் வேகம் கூடுவதால் வலப்பக்கம் அதிகமாகத் திரும்பும். பின்காற்றில் மிதப்பு குறைந்து சீக்கிரம் இடப்பக்கம் வரும். ஆகவே ஒரு திசையில் எறிந்த தூரத்தை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு வீட்டில் பெருமை பேசக்கூடாது, இரண்டு திசையிலும் எறிந்து சராசரி பாருங்கள். வடமேற்கு கறுத்தால் மூட்டை கட்டிவிடுங்கள். கால்வைசாகிப் புயல் இடியோடு வரும், அப்போது வெட்டவெளியில் நிற்கக் கூடாது.

ஈரப்பதம் மிகுந்த காற்று கனமானது, அதனால்தான் இங்கே டிஸ்க் போகமாட்டேன் என்கிறது என்று சிலர் சாக்குச் சொல்கிறார்கள். நீராவியின் மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட லேசானது. ஈரக்காற்றின் அடர்த்தி உலர்ந்த காற்றைவிடச் சற்றுக் குறைவுதான். உண்மையான தொல்லை வியர்வை. விரல் வழுக்கினால் டிஸ்க் அரை நொடி முன்னமே கழன்றுவிடும். அதற்கு வெளிநாட்டு மைக்ரோஃபைபர் துண்டெல்லாம் தேவையில்லை. கரியாஹாட்டில் கிடைக்கும் கட்டம் போட்ட காம்ச்சாவை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நீரை உறிஞ்சும், அலசிப் போட்டால் உடனே காயும். ஒவ்வொரு எறிக்கு முன்பும் டிஸ்க்கையும் விரலையும் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இரண்டு எடுத்துப் போங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். டிரைவரின் விளிம்பு கூரியது, கெட்டியானது. அது ஃபிரிஸ்பி அல்ல, முகத்தில் பட்டால் தையல் போட வேண்டிவரும். மைதானத்தில் கிரிக்கெட் பிள்ளைகள், நடைபயில்வோர், மேயும் ஆடுகள், சவாரிக் குதிரைகள் எல்லாம் உண்டு. உங்கள் டிஸ்க் போகக்கூடிய மிக அதிக தூரத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை என்றால் மட்டும் எறியுங்கள். ஞாயிறு மாலையில் அப்படி இடம் கிடைக்காது. விடியற்காலையில் போங்கள்.

கடைசியாக, வாங்கிய அன்றே டிஸ்க்கின் அடிப்பக்கம் அழியாத மார்க்கரால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிடுங்கள். எல்லா நாட்டிலும் ஆடுபவர்களின் வழக்கம் இது. இந்த ஊரில் புகுர், அதாவது குளம், இல்லாத பேட்டை கிடையாது, டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நீரில் மூழ்கிவிடும். மூன்று டிஸ்க்கும் மேசையில் வைத்திருக்கிறேன். காப்பி வருவதற்குள் எழுந்து வந்து கையில் பிடித்து, விளிம்பைத் தடவிப் பாருங்கள். இங்கே உள்ளே மட்டும் எறிய வேண்டாம், மேலே மின்விசிறி ஓடுகிறது.